பூட்டு திறந்திருக்கு

"யாராலயும் திறக்க முடியாத பூட்டு வேணும்."

ஜெபக்கனி தலையைத் தூக்காமலே கேட்டாள். "எதுக்கு?"

"இதுக்கு."

தில்லைநாயகி மடிக்கணினியை மேசைமேல் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. போட்டாள். மேசையில் கிடந்த திருப்புளிகள் துள்ளி விழுந்தன.

தில்லைநாயகிக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்திரண்டு வருடம் கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக இருந்துவிட்டு, மனசு பொறுக்காமல் வேலையை விட்டு வந்து மில் பெண்களுக்காகச் சங்கம் நடத்துகிறவள். அவள் கோபத்துக்குத் திண்டுக்கல்லில் நல்ல பெயர் உண்டு. அவள் ஸ்கூட்டர் மில் வாசலில் நின்றால் வாட்ச்மேன் கேட்டை இழுத்துச் சாத்திவிட்டு சாப்பிடப் போய்விடுவார், மணி காலை ஒன்பதாக இருந்தாலும்.

ஜெபக்கனிக்கு முப்பத்தொன்று. பூட்டுக்கடை மாடியில் ஒற்றை அறை. கம்பெனிக்காரனை நம்பாமல் தன் கணினியைத் தானே ஆள வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அங்கே லினக்ஸ் சொல்லிக் கொடுப்பாள். அது கணினியை இயக்கும் மென்பொருள், இலவசமாகக் கிடைப்பது, உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பிரித்துப் பார்க்கக்கூடியது. ஆனால் ஒன்று. அவளாக யாருக்கும் போட்டுத் தரமாட்டாள். அவரவர் கையால்தான் போட வேண்டும். பேச்சும் அளந்துதான் வரும். அதனால் அந்த அறைக்கு வருகிறவர்கள் அதை மடம் என்பார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள். அதற்கும் பதில் வராது.

"யாருக்குத் திறக்கக் கூடாது?" என்றாள் ஜெபக்கனி.

"ஒருத்தருக்கும். என்னைத் தவிர ஒருத்தருக்கும்."

"உட்காருங்கம்மா."

"உட்கார வரலை."

உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கொட்டித் தீர்த்தாள்.

"போன மாசம் ஒம்பது பிள்ளைங்க பேரு என் கம்ப்யூட்டர்ல இருந்து மில்லுக்குப் போயிருச்சு. சூப்பர்வைசர் ஒருத்தன் கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டான். ஒம்பது பேரும் துணிஞ்சு வந்து சொன்னாங்க. நான் டைப் அடிச்சு வச்சிருந்தேன். பேரு, ஊரு, ஹாஸ்டல் ரூம் நம்பர் எல்லாம். புதன்கிழமை மத்தியானம் பக்கத்து ரூம்ல சோத்துல கை வச்சிருக்கோம், எவனோ திறந்து பென் டிரைவ்ல ஏத்திட்டுப் போயிட்டான். சாயங்காலமே ஒம்பது பெட்டியையும் ஹாஸ்டல் கேட்டுக்கு வெளிய வீசிட்டானுங்க. மழை வேற. பேச்சியம்மான்னு ஒரு பிள்ளை, பத்தொம்பது வயசு. நனைஞ்ச பெட்டியைத் தலையில வச்சுக்கிட்டு என் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னுச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. என்னைப் பாத்துக்கிட்டே நின்னுச்சு."

அவள் குரல் அந்த இடத்தில் தடுக்கியது. தடுக்கியதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது.

"எப்படித் திறந்தாங்க?"

"கம்ப்யூட்டர் பாக்குறவரு வந்து பாத்தாரு. ஒண்ணு இருபதுக்குத் திறந்திருக்கு. பாஸ்வேர்டு மொத தடவையே சரியா அடிச்சிருக்கான். ஒரு எழுத்துத் தப்பில்லை. அப்ப உள் ஆளுதானே சொல்லிக் குடுத்திருக்கணும்?"

"யாரு?"

"குருவம்மா." பெயரைத் துப்பினாள். "பத்து வருஷமா எனக்கு எதிர்ச் சீட்டு. மில்லுல இருந்து நான் கூட்டிட்டு வந்து வேலை போட்டுக் குடுத்தவ. எங்க வாசல் பக்கம் ஒரு பெஞ்சு கிடக்கும். அதுல ஒரு மனுசன் மூணு நாளா வந்து உட்கார்ந்திருந்தான், யாரோ ஒரு பிள்ளைக்கு மாமான்னு சொல்லிக்கிட்டு. புதன்கிழமைக்கு அப்புறம் ஆளைக் காணோம். அவன் மில் ஆளு, அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவனுக்குப் பாஸ்வேர்டு சொன்னது யாரு? அந்த வாரம்தான் இவ கையில புது போன் பளபளன்னு இருக்கு."

"கேட்டீங்களா?"

"கேட்டேனாவா? சங்கக் கூட்டத்துல, நாப்பது பேரு முன்னால கேட்டேன். ஒரு போனுக்கு ஒம்பது பிள்ளைகளை வித்துட்டியேடின்னு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டா. குத்தம் செய்யாதவ பேசாமப் போவாளா? நீயே சொல்லு."

ஜெபக்கனி குனிந்து, விழுந்து கிடந்த திருப்புளியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அவ வேலை செய்யவா வந்தா? நான் கம்ப்யூட்டரைத் திறந்தாப் போதும், அவ ரேடியோவைத் திருகிருவா. தினமும். நானும் பத்து வருஷம் பாத்தேன். இது நடக்கிறதுக்கு ரெண்டு வாரம் முந்தி அந்த ரேடியோவைப் பிடுங்கி பீரோவுக்குள்ள போட்டு மாங்காப் பூட்டு மாட்டிட்டேன். அந்தக் கடுப்புலதான் செஞ்சிருக்கா."

"இப்ப அவசரம் என்ன?"

"திங்கக்கிழமை விசாரணை. ஒம்பது பேர்ல சாட்சி சொல்ல நாலு பேருதான் மிச்சம். அவங்க வாக்குமூலத்தைத் திரும்ப எழுதணும். இதுவும் வெளிய போச்சுன்னா அந்த நாலு பேரையும் மிரட்டி ஓட வச்சிருவானுங்க. நான் அதுக்கப்புறம் உசிரோட இருந்து என்ன பிரயோஜனம்?"

ஜெபக்கனி எழுந்தாள். ஒரு பென் டிரைவை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"சொருகுங்க."

*

கணினி அந்தப் பென் டிரைவிலிருந்து விழித்தது. திரையில் ஒரு வரி வந்தது.

இந்த வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். தொடரலாமா?

"அழியட்டும். இருக்கிற சனியன் எல்லாம் ஒழியட்டும்" என்று தில்லைநாயகி பொத்தானைக் குத்தினாள்.

அடுத்து இன்னொரு கேள்வி. வட்டை முழுவதும் மறையாக்கம் செய்யவா?

"அப்படின்னா?"

"வட்டுல இருக்கிற ஒவ்வொரு எழுத்தையும் கலைச்சுப் போட்டுரும். வட்டைக் கழட்டி எடுத்துட்டுப் போனாலும் குப்பைதான் தெரியும். உங்க சாவிச்சொல்லை அடிச்சாத்தான் எழுத்தா மாறும்."

"அந்தச் சொல்லு தெரிஞ்சா?"

"எல்லாம் தெரியும்."

"மறந்துட்டா?"

"கடவுளே வந்தாலும் திறக்காது."

தில்லைநாயகிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அன்றைக்கு அவளுக்குப் பிடித்த முதல் விஷயம் அதுதான். சாவிச்சொல் கேட்டுக் கட்டம் வந்தது. அவள் விரல்களை நெட்டி முறித்தாள்.

"தள்ளி உட்காரு. நிலக்கோட்டை டைப் இன்ஸ்டிடியூட்ல லோயர், ஹையர் ரெண்டும் முதல் வகுப்பு நான். எங்க மாஸ்டர் சொல்லிக் குடுத்தது சாகுற வரைக்கும் விரலை விட்டுப் போகாது. பாக்காமலே அடிப்பேன்."

ஜெபக்கனி தள்ளி உட்கார்ந்தாள். உட்காரும் முன் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டி மின்விசிறியை நிறுத்தினாள்.

"எதுக்கு ஃபேனை நிறுத்துற? வேகுது."

ஜெபக்கனி விசைப்பலகையைக் காட்டினாள்.

தில்லைநாயகி அடித்தாள். விசைப்பலகை பாவம். ஒருமுறை அடித்து, சரிபார்க்க மறுமுறை அடித்தாள். அரை மணி நேரம் பச்சைக் கோடு ஊர்ந்தது. பிறகு கணினி தானே அணைந்து எழுந்து, கறுப்புத் திரையில் சாவிச்சொல்லைக் கேட்டது. மூன்றாம் முறையும் அடித்தாள். திறந்தது.

"முடிஞ்சுதா?"

"அணைச்சுட்டுக் கீழ போய் டீ குடிச்சுட்டு வாங்க."

படியில் இறங்கும்போது பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மைமூன் என்று அறுபது வயது அம்மா, உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். காலையில் ஏறும்போது தில்லைநாயகி வணக்கம் சொன்னதற்கு அவர் வாயைத் திறக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அந்தக் கோபம் இன்னும் அவளுக்கு ஆறவில்லை. இந்தத் தடவை அவள் வணக்கம் சொல்லாமலே போனாள்.

திரும்பி வந்தபோது கணினி திறந்து கிடந்தது.

கறுப்புத் திரை இல்லை. உள்ளே எல்லாம் வெளிச்சமாக இருந்தது. ஜெபக்கனி கைகளைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"யாரு திறந்தா?"

"நான்தான்."

"எப்படி?"

"பூட்டு திறந்திருக்கு."

தில்லைநாயகி யோசித்தாள். அவள் போட்ட சொல் நிலக்கோட்டை, பக்கத்தில் பிறந்த வருடம். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் நிலக்கோட்டை என்று இவளிடம் உளறியிருக்கிறாள். வயதைப் பார்த்தாலே தெரிகிறது. கெட்டிக்காரப் பெண், ஊகித்துவிட்டாள்.

"சரி, என் புத்திக் குறைவு" என்றாள். சொல்லும்போதே பல்லைக் கடித்தாள்.

"மறுபடியும் போடுங்க" என்றாள் ஜெபக்கனி.

*

இந்த வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். தொடரலாமா?

"தொடரு, தொடரு."

இந்தத் தடவை அவள் சம்பந்தமே இல்லாத ஐந்து சொற்களைப் பொறுக்கினாள். எருமை, குடை, ஜிலேபி, தபால், மூக்குத்தி. எவன் ஊகிக்கிறான் என்று பார்க்கலாம். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் வரிசையாக அடித்தாள்.

ஜெபக்கனி மறுபடியும் மின்விசிறியை நிறுத்தியிருந்தாள். இந்த முறை முகத்தையும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அரை மணி நேரம். பச்சைக் கோடு. கறுப்புத் திரை. திறந்தது. அணைத்தாள்.

"கை கழுவிட்டு வாங்க."

கழுவிவிட்டு வந்தாள். திறந்து கிடந்தது.

தில்லைநாயகிக்குக் கோபம் தலைக்கு ஏறியது. மேசையைச் சுற்றி வந்தாள். அலமாரிக்கு மேலே பார்த்தாள், காலண்டரைத் தூக்கிப் பின்னால் பார்த்தாள். மேசைக்கு அடியில் குனிந்தபோது தலை இடித்தது.

"எங்க வச்சிருக்க கேமராவை?"

"கேமரா இல்லை."

"பென் டிரைவ்ல எதையாவது ஏத்தி வச்சிருக்கியா? நான் அடிக்கிறது உனக்குத் தெரியுற மாதிரி?"

"இல்லை."

"பின்ன எப்படித் தெரிஞ்சது?"

"நீங்கதான் குடுத்தீங்க."

"நான் எங்கடி குடுத்தேன்? நீயும் மில்லுக்காரன் காசைத் தின்னவளா?"

ஜெபக்கனி எழுந்து நின்றாள். அந்த மடத்தில் அவள் முகம் சிவந்து பார்த்தவர்கள் குறைவு. சிவந்தது.

"அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லாதீங்கம்மா."

"சொன்னா?"

"இப்படித்தான் அவங்களையும் கேட்டீங்களா?"

தில்லைநாயகி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வாசல்வரை போனாள். வாசலில் நின்றாள். நனைந்த பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றது நினைவுக்கு வந்தது. இன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமைக்கு நடுவில் இரண்டே நாள்.

பையைக் கழற்றி நாற்காலியில் வீசினாள்.

"கடைசித் தடவை. ஆனா நீ இந்த ரூம்ல இருக்கக் கூடாது."

"சரி."

"ஜன்னலைச் சாத்தணும்."

"சாத்துங்க."

"எட்டிப் பாக்கக் கூடாது."

ஜெபக்கனி மின்விசிறியை நிறுத்தினாள். வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் கொஞ்ச நேரத்தில் நின்றது.

*

தில்லைநாயகி நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டாள். சுவர் என்று அவள் நினைத்தது சுவர் இல்லை, தையல் அறைக்கும் மடத்துக்கும் நடுவில் அடித்திருந்த பலகைத் தட்டி. முந்தானையை எடுத்துக் கைகளையும் விசைப்பலகையையும் சேர்த்து மூடினாள். புழுக்கத்தில் வியர்வை கண்ணில் இறங்கியது.

இந்தத் தடவை எதைப் போடுவது? சாகும்வரை மறக்காத ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு அவள் அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு மாதமாக அவள் விழித்தவுடன் நினைப்பதும் படுக்கும்போது நினைப்பதும் ஒரே வரிதான். அதை அடித்தாள். சரிபார்க்க மறுபடியும் அடித்தாள். பச்சைக் கோடு ஊர்ந்து முடிந்து, கறுப்புத் திரை கேட்டபோது மூன்றாம் முறையாகவும் அடித்தாள். ஒவ்வொரு முறையும் விசை உடைகிற மாதிரி அடித்தாள்.

திறந்தது.

"இப்ப வந்து திறடி பாப்போம்" என்று கதவைப் பார்த்துச் சொன்னாள்.

கதவு திறக்கவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏம்மா, தப்பா நெனைக்காத. யாரு அந்தக் குருவம்மா?"

தில்லைநாயகியின் கை விசைப்பலகை மேலேயே நின்றது.

"ஒம்பது பேரை எதுக்கும்மா வித்தா?"

அவள் போட்ட சாவிச்சொல் அதுதான். குருவம்மா ஒம்பது பேரை வித்தா. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. கதவை உதைக்காத குறையாகத் திறந்து பக்கத்து அறைக்குள் போனாள். மைமூன் குண்டூசிகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெபக்கனி வாசற்படியில் நின்றிருந்தாள்.

"யாரு சொன்னா உங்களுக்கு? இவ சொன்னாளா?"

"நீதானம்மா சொன்ன" என்றார் மைமூன்.

"நான் எப்பச் சொன்னேன்?"

"காலையில இருந்து சொல்லிக்கிட்டேதான் இருக்க. மொதல்ல நிலக்கோட்டை, நிலக்கோட்டைன்னு என்னமோ வருஷத்தைச் சொன்ன. அந்த ஊர்ப் பொண்ணு போலன்னு நெனச்சேன். அப்புறம் எருமைன்ன, குடைன்ன, ஜிலேபின்ன. சரி, பாவம், வெயிலுன்னு விட்டுட்டேன். இப்ப இது. மூணு தரம் சொன்ன. அதுவும் அழுத்தமா."

"நான் வாயே திறக்கலையே."

ஜெபக்கனி மடத்துக்குள் போய் மடிக்கணினியை எடுத்து வந்தாள். துணி வெட்டும் மேசைமேல் வைத்தாள். வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள்.

"உங்க வீட்டு விலாசத்தை அடிங்கம்மா."

தில்லைநாயகி அடித்தாள். பக்கத்தில் சுவரில் மைமூனின் ஆளுயரக் கண்ணாடி இருந்தது, ஜாக்கெட் போட்டுப் பார்க்கிறவர்களுக்காக மாட்டியது. அவள் அதில் தன்னைப் பார்த்துக்கொண்டே அடித்தாள்.

விரல் ஓடிய இடமெல்லாம் உதடும் ஓடியது. கதவு எண் வந்தபோது கதவு எண்ணைச் சொன்னது. தெருப் பெயர் வந்தபோது தெருப் பெயரைச் சொன்னது. மெதுவாகத்தான் சொன்னது. ஆனால் மெஷினும் மின்விசிறியும் ஓடாத அறையில் அது நன்றாகவே கேட்டது.

நிலக்கோட்டை மாஸ்டர் கையில் மர ஸ்கேல் வைத்திருப்பார். விரல் அடிப்பதை வாய் சொல்ல வேண்டும் என்பது அவர் சட்டம். வாய் நின்றால் முட்டியில் விழும். அவள் வாய் பதினேழு வயதில் ஆரம்பித்தது. முப்பத்தாறு வருடமாக நிற்கவில்லை. அவள் காதுக்குத்தான் அது கேட்பது நின்றுபோயிருந்தது.

ஜெபக்கனி மணிக்கணக்கில் அங்கே என்ன கேட்டுக்கொண்டிருந்தாள் என்று இப்போது விளங்கியது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் மூன்று நாளாக என்ன கேட்டுக்கொண்டிருந்தான் என்றும் விளங்கியது. பெஞ்சுக்கும் அவள் மேசைக்கும் நடுவில் ஒரு கை தூரம்கூட இல்லை.

"படுபாவி" என்றாள். அவனைச் சொன்னாளா தன்னைச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"இம்புட்டு நாளா யாரும் சொல்லலையாம்மா உங்கிட்ட?" என்றார் மைமூன். "எனக்கே மெஷின் ஓடும்போது ஒண்ணும் கேக்கலை, நூல் கோக்க நிறுத்துறப்ப மட்டும் அங்கொண்ணு இங்கொண்ணு காதுல விழுந்துச்சு. இப்ப கனி வந்து நிறுத்தச் சொன்னா, நிறுத்துனேன். உடனே தெளிவாக் கேட்டுச்சு. நீ பேசுறது வெளிய போகக் கூடாதுன்னா, பக்கத்துல ஏதாவது ஒண்ணு சத்தமா ஓடிக்கிட்டே இருக்கணும்."

தில்லைநாயகி வெட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

ரேடியோ.

அவள் கணினியைத் திறந்தால் குருவம்மாள் ரேடியோவைத் திருகுவாள். தினமும். பாட்டு வந்தாலும் சரி, பூச்சி மருந்து விளம்பரம் வந்தாலும் சரி. அவள் கணினியை மூடினால் ரேடியோவும் நிற்கும். பத்து வருடமாகப் பார்த்த ஒன்றை அவள் இப்போதுதான் பார்த்தாள். பாட்டுக் கேட்க வந்தவள் பாட்டின் நடுவில் எதற்கு நிறுத்துவாள்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் குருவம்மாள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். "அக்கா, நீங்க டைப் அடிக்கும்போது..." என்று ஆரம்பித்தாள். "எனக்கு டைப் அடிக்கச் சொல்லிக் குடுக்கப் போறியா? நீ எத்தனையாங் கிளாஸ்?" என்று கேட்டு முடித்துவைத்தவள் தில்லைநாயகி. குருவம்மாள் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்த வாரம்தான் வீட்டிலிருந்து ரேடியோவைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

பத்து வருடம். அதற்குள் எத்தனை சாவிச்சொல், எத்தனை பெண்களின் பெயர், எத்தனை பேர் அழுதுகொண்டு சொன்ன விஷயம். எதிர்ச் சீட்டில் இருந்தவளுக்கு அத்தனையும் கேட்டிருக்கிறது. ஒன்றுகூட வெளியே போனதில்லை. மாங்காப் பூட்டு மாட்டிய பிறகுதான் போனது.

"சொல்லியிருக்கலாமேடி!" என்று தில்லைநாயகி கத்தினாள். "அன்னிக்கு அத்தனை பேரு முன்னால நான் கேட்டப்ப, உன் வாயிதான் காரணம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! பேசாமச் செருப்பை மாட்டிக்கிட்டுப் போனியே!"

அங்கே குருவம்மாள் இல்லை. மைமூன் தண்ணீர்ச் செம்பை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

மடிக்கணினியை இழுத்தாள். பென் டிரைவைச் சொருகப் போனாள்.

"எதுக்கு?" என்றாள் ஜெபக்கனி.

"அழிக்கணும். அந்த வரி இதுல இருக்கக் கூடாது. தினமும் காலையில நான் அதை அடிச்சுத் திறக்கணுமா?"

"அழிக்க வேண்டியதில்லை. சாவிச்சொல்லை மட்டும் மாத்தலாம்."

தில்லைநாயகி திரும்பிப் பார்த்தாள். "அழிக்காம மாத்தலாமா?"

"மாத்தலாம். ஒரு நிமிஷ வேலை."

"காலையில இருந்து மூணு தடவை என்னை அழிக்க விட்டியே. ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலை."

வேறு நாளாக இருந்தால் மடத்தின் கூரை பறந்திருக்கும். அவள் கோபத்தை விழுங்கினாள். விழுங்கிப் பழக்கமில்லாததால் தொண்டை வலித்தது.

"எப்படி மாத்தணும்?"

"பழசை ஒரு தரம் அடிக்கணும். அப்புறம் புதுசு."

"பழசையா?"

"ஆமா. அதை அடிக்காம மாத்த விடாது."

திரை காத்திருந்தது. தில்லைநாயகி விரலை வைத்தாள். உதடு தானாகக் குவிந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள். மைமூனைப் பார்த்தாள்.

"அம்மா, அந்தக் குண்டூசி ஒண்ணு குடுங்க."

மைமூன் இரண்டு கொடுத்தார்.

அவள் இரண்டையும் உதட்டில் கவ்விக்கொண்டாள். அடிக்க ஆரம்பித்தாள். குருவம்மாள் பெயரின் இரண்டாவது எழுத்திலேயே ஊசி முனை குத்தியது. நின்றாள். மறுபடியும் அடித்தாள். லோயரும் ஹையரும் முதல் வகுப்பில் தேறியவள் அந்த ஒரு வரியை அடிக்க மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டாள். கடைசிச் சொல் வரும்போது கண்ணாடியில் பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. உதடு ஆடவில்லை.

புதிய சாவிச்சொல் கேட்டது. அடித்தாள். சரிபார்க்கக் கேட்டது. அடித்தாள்.

"கேட்டுச்சா?" என்று ஜெபக்கனி மைமூனைக் கேட்டாள்.

"ஒண்ணும் கேக்கலை" என்றார் மைமூன்.

தில்லைநாயகி கணினியை அணைத்துப் பையில் வைத்தாள். தோளில் மாட்டிக்கொண்டு படிவரை போனாள். அங்கேயே நின்றாள். ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்து, பிறகு பையிலேயே போட்டாள். மில் முதலாளியின் காரை நடுரோட்டில் மறித்தவள், இறங்க ஒரு படியைத் தேடிக்கொண்டு நின்றாள்.

உதட்டிலிருந்து குண்டூசிகளை எடுத்தாள்.

"குருவம்மா வீட்டுக்குத்தான் போறேன்" என்றாள். குரல் உள்ளே போயிருந்தது. "அவகிட்ட எப்படித் தாயி சொல்லுவேன்?"

ஜெபக்கனி மடத்துக்குள் போய் மின்விசிறியைப் போட்டாள். அங்கிருந்தே கேட்டாள்.

"அன்னிக்கு நாப்பது பேரு முன்னால எவ்வளவு சத்தமாச் சொன்னீங்க?"